ஒரு குடம் நல்ல தண்ணீர்

கழுவாத கையால் ஒரு தாயைக் கொன்றவன் நான்.

எழுபதுகளில், தூத்துக்குடிப் பக்கம் தருவைகுளத்தைத் தாண்டி ஒரு கடலோரச் சிற்றூரில் டாக்டராக இருந்தேன். தண்ணீர் லாரி வராத ஒரு நாள், சங்கு குளிப்பவர் ஒருவரின் சீழ்ப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, கையைத் துண்டில் துடைத்தபடியே பிரசவ அறைக்குள் போனேன்.

“கையக் கழுவுங்க டாக்டரையா. எங்க வீட்டுக்காரவுக ஒரு குடம் நல்ல தண்ணி கொண்டாந்திருக்காவ,” என்றாள் மரியா, வலிக்கு நடுவே.

“அது உனக்குக் குடிக்க ஆகும்மா,” என்று சிரித்தேன்.

குழந்தை பிழைத்தது. நான்காம் நாள் அவள் காய்ச்சலில் இறந்தாள். கடைசிவரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டார் விட்டுப்போன அந்தக் குடத்தைப் பிரசவ அறை வாசலில் வைத்தேன், பக்கத்தில் சோப்பு. கழுவாமல் எவரையும் உள்ளே விடவில்லை. பிறகு அங்கே எந்தத் தாயும் காய்ச்சலில் சாகவில்லை.

ஆனால் ஒவ்வொரு காலையும் நான் ஆஸ்பத்திரிப் பூட்டைத் திறக்கும்போதே சோப்பு நனைந்திருக்கும். சாவி என்னிடம் மட்டுமே இருந்தது. நானும் அதே சோப்பில் கழுவிக்கொண்டு உள்ளே போவேன்.