நாலில் நின்ற முள்

கதவு செய்யும் அந்தத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தவளுக்கு ‘நாலக்கா’ என்று பெயர் விழுந்ததற்கு அவள் வாய்தான் காரணம். தினமும் காலை பத்து மணிக்குப் பின்பக்கத்து இரும்பு ஏணியில் ஏறி, தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதிவிட்டு இறங்குவாள். “எவ்ளோம்மா?” என்று மேனேஜர் கேட்பார். “நாலு சார்” என்பாள். எட்டு வருஷமாக இதே கேள்வி, இதே பதில். அவள் ஏணியில் இறங்குவதைப் பார்த்தே பேக்கிங் பெண்கள், “நாலு வந்தாச்சு, இனி டீ வந்துடும்” என்று கையைத் துடைத்துக்கொள்வார்கள்.

அந்த இயந்திரம் லாரி உயரத்துக்கு ஒரு தகரக் கூண்டு. உள்ளே ஆள் உயரத்தைவிட நீளமான துணிப்பைகள் தொண்ணூற்றாறு தொங்கும். கதவுகளை உப்புத்தாளால் தேய்க்கிற கூடத்திலிருந்து பறக்கும் மரத்தூளை அந்தப் பைகள் பிடித்துக்கொண்டு, காற்றை மட்டும் வெளியே விடும். பையில் படிந்த தூளை உதற, பத்து விநாடிக்கு ஒருமுறை அழுத்தக் காற்று ‘டப்’ என்று அடிக்கும். எப்போது அடிப்பது என்று தீர்மானிக்கிற சின்னப் பெட்டிக்குத்தான் கன்ட்ரோலர் என்று பெயர். பைகள் எவ்வளவு அடைத்திருக்கின்றன என்று சொல்வது மீட்டரின் வேலை. அடைத்தால் முள் ஏறும், உதறினால் இறங்கும். ஆறைத் தாண்டினால் வேலையை நிறுத்தியாக வேண்டும்.

பழைய கன்ட்ரோலர் கொஞ்ச நாளாகவே மக்கர் பண்ணியது. “புதுசு ஒண்ணு வாங்கிடலாம். எது நல்லதுன்னு நீயே பார்த்துச் சொல்லும்மா, உன்னைவிட யாருக்குத் தெரியும்?” என்றார் மேனேஜர். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு ஸ்க்ரூ வாங்கக்கூட அவளை யாரும் யோசனை கேட்டதில்லை.

கன்ட்ரோலர் விற்பவர் இரண்டு பெட்டிகளோடு வந்தார். ஒன்று பழையது மாதிரியே நேரக் கணக்கில் அடிப்பது. பை அழுக்கோ சுத்தமோ, அதற்குக் கவலை இல்லை. இன்னொன்று மீட்டரைக் கேட்டு அடிப்பது.

“தேவைப்பட்டா மட்டும் அடிக்கும் மேடம். சும்மா சும்மா அடி வாங்காததால பை ரொம்ப நாள் உழைக்கும். உங்க மீட்டருக்குப் பின்னாடியே ஒயர் மாட்ட இடம் இருக்கு. முள்ளு நாலரைக்கு வந்தா கன்ட்ரோலருக்குத் தகவல் போயிடும். அதுவா அடிக்கும், இறங்கினதும் அதுவா நிறுத்தும்.”

அவள் பெருமையாக நோட்டுகளை எடுத்துப் போட்டாள். அவர் புரட்டினார். ஒரு நோட்டு, இரண்டு நோட்டு. பிறகு தலையைச் சொறிந்தார்.

“மூணே முக்கால், நாலே கால்னு ஒருநாள்கூட வரலையா மேடம்?”

“நம்ம பராமரிப்பு அப்படி!”

விற்க வந்த மனுஷர், வாங்குகிறவளோடு எதற்கு வம்பு என்று சிரித்துவிட்டுப் போனார். அவள் இரண்டாவது பெட்டியே வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். மேனேஜர் தலையாட்டினார். ஒயர் எவ்வளவு தூரம் இழுக்க வேண்டும் என்று அளப்பதுதான் பாக்கி. ஓடுகிற நேரத்தில் ஏணிப் பக்கம் இடைஞ்சல் என்பதால், வார விடுமுறையன்று காலையில் அளக்கும் நாடாவோடு தனியாகப் போனாள்.

காவலாளி கேட்டைத் திறந்துவிட்டார். ஆலை முழுக்க நிசப்தம். மெயின் சுவிட்சு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏணியில் ஏறினாள். நாடாவின் நுனியை மீட்டருக்கு அடியில் அழுத்திப் பிடித்தவள் தற்செயலாக நிமிர்ந்தாள்.

முள் நாலில் நின்றது.

முதலில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பார்த்துப் பழகிய முள், பழகிய இடம். குனிந்து நாடாவைக் கொஞ்ச தூரம் இழுத்துவிட்டாள். பிறகுதான் தூக்கிவாரிப்போட்டது. காற்றை இழுக்கிற ஃபேன் ஓடவில்லை. காற்றே இல்லை. காற்றே இல்லாதபோது முள் சைபரில் அல்லவா இருக்க வேண்டும்?

விரலால் கண்ணாடியைத் தட்டினாள். அசையவில்லை. பின்னால் வரும் குழாயைக் கழற்றினாள். நாலு. நாலு ஸ்க்ரூவையும் கழற்றிக் கண்ணாடியை எடுத்தாள். முள்ளின் அடியில், அச்சோடு சேர்த்து, ஒரு சொட்டுப் பசை காய்ந்து தேன் நிறத்தில் பளபளத்தது. கதவுக்குப் பலகை ஒட்டுகிற பசை.

ஆலை நின்றபோதெல்லாம் மோட்டாரைப் பார்க்க ஓடியிருக்கிறாள், பேனலைத் திறந்திருக்கிறாள். நின்ற இயந்திரத்தில் மீட்டரை எதற்குப் பார்க்கப் போகிறாள்? பத்து மணி, ஏணி, நோட்டு, கையெழுத்து. அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான கையெழுத்து! தேய்க்கும் கூடத்தில் தூசி கூடிக்கொண்டே போகிறது என்று ஆட்கள் சொன்னபோது, “மீட்டர் சரியா காட்டுதே, மரம்தான் ஈரமில்லாம வருது” என்று பதில் சொன்னவளும் அவள்தான். ஏணியின் நடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்து நினைத்துப் பார்த்தது அதைவிட மோசம். புதுக் கன்ட்ரோலரை இந்த மீட்டரோடு இணைத்திருந்தால்? முள் எந்தக் காலத்திலும் நாலரைக்குப் போகாது. ஒரு ‘டப்’கூட அடித்திருக்காது. பைகள் அடைத்து, உள்ளே நெருப்புக்குக் காத்திருக்கிற மரத்தூள் மலையாகக் குவிந்திருக்கும். அதையும் தன் வாயாலேயே கேட்டு வாங்கியிருப்பாள்.

பேயறைந்தவள் மாதிரி வீடு போய்ச் சேர்ந்தாள். மகள் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். புருஷன் முன்னறையில் மகளின் பள்ளிச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, நடுநடுவே வழக்கம்போல் இருமிக்கொண்டிருந்தான். அவனும் அதே ஆலையில், தேய்க்கும் கூடத்தில்தான் வேலை. அங்கேதான் பழகிக் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

“என்னங்க, மீட்டர் முள்ளை எவனோ பசை போட்டு ஒட்டியிருக்கான்!”

அவன் இஸ்திரிப்பெட்டியை நகர்த்தவில்லை. நிமிரவும் இல்லை.

“என்னங்க, கேக்குதா? எந்தப் பாவி செஞ்சான்னே தெரியலை.”

“நான்தான்” என்றான்.

அவள் சிரிக்கப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“நீ சேர்ந்த ரெண்டாவது வாரம், முள்ளு ஆறைத் தாண்டிடுச்சுன்னு லைனை நிறுத்தின, ஞாபகம் இருக்கா? அப்ப இருந்த சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் உன்னை வாங்கு வாங்குன்னு வாங்கினான். நீ குழாய்க்குப் பின்னாடி நின்னு அழுத. நான் பார்த்தேன்.”

“அதுக்கு?”

“மறுநாளும் நீ திட்டு வாங்கக்கூடாதுன்னு... ரெண்டு நாள்ல எடுத்துடலாம்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள அந்தாளே உன்னைப் பாராட்டிட்டான். நீ அப்படிச் சிரிச்ச. எப்படிப் போய் எடுக்கறது?”

துணி கருகும் வாடை எழுந்தது. இருவரும் பெட்டியைத் தூக்கவில்லை.

“எட்டு வருஷம்ங்க! நமக்கு ஒரு பொண்ணு பொறந்து பள்ளிக்கூடமே போயாச்சு! ஒருநாள்கூடச் சொல்லணும்னு தோணலையா?”

“கல்யாணத்துக்கு முன்னாடி ஒருதரம் சொல்ல வந்தேன். நீ ‘என் மீட்டர், என் மீட்டர்’னு பெருமையா பேசிட்டிருந்த. வாய் வரலை. டைமர்தான் அடிச்சுக்கிட்டே இருக்கே, பையெல்லாம் சுத்தமாத்தான் இருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.”

“அந்தத் தூசியில நிக்கிறது நீங்கதானே? அதைத் தின்னுட்டுத்தானே இப்படி இருமறீங்க?”

அவன் அப்போதுதான் பெட்டியைத் தூக்கி நிறுத்தினான். மெதுவாக, “சுரண்டி எடுத்துடலாம். யாருக்கும் தெரியாது” என்றான். அவளுக்கும் ஒரு கணம் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அப்படிப் பட்டதை நினைத்துத்தான் அவளுக்குத் திக்கென்றது.

“கூண்டுக்குள்ள என்ன கெடக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. ஒரு பொறி விழுந்தா எத்தனை பேரு? நாளைக்கு ஷிப்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மேனேஜர்கிட்ட போறோம். ரெண்டு பேரும்தான்.”

மறுநாள் காலை மேனேஜர் முழுக்கதையும் கேட்டுவிட்டு, இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்னை வெச்சு விளையாடறீங்களா?” என்றார். பிறகு எழுந்து நேராகக் கூண்டுக்குப் போய்க் கதவைத் திறக்கச் சொன்னார். ஆறு தாழ்ப்பாள். கடைசித் தாழ்ப்பாளை எடுத்ததும் கதவு தானாகவே தள்ளிக்கொண்டு வந்தது. பின்னாலேயே தூள், மாவு மூட்டை கிழிந்ததுபோல், அவர் பூட்ஸை மூடிக்கொண்டு சரிந்தது. உள்ளே பைகள் துணியாகவே இல்லை. தூளும் பிசினும் இறுகி உலக்கை உலக்கையாக நின்றன. பாதிக்கு மேல் அடிப்பக்கம் கிழிந்து தொங்கின. காவலாளி, “ஐயோ” என்றார். மேனேஜர் ஏணிப்படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். “இத்தனை வருஷம் இதும்மேலதான் நின்னுட்டு இருந்தோமா?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

ஆலை ஐந்து நாள் மூடிக் கிடந்தது. அவனுக்குப் பதினைந்து நாள் சஸ்பென்ஷன், அப்புறம் பேக்கிங் பகுதிக்கு மாற்றம். பார்க்காமல் கையெழுத்துப் போட்டதற்கு அவளுக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை. “பார்க்காம போடலை சார், பார்த்துத்தான் போட்டேன். அதான் கேவலமா இருக்கு” என்றாள். கன்ட்ரோலரை வேறு யாராவது தேர்ந்தெடுக்கட்டும் என்றும் சொல்லிப் பார்த்தாள். மேனேஜர் கேட்கவில்லை. “சூடு பட்டவதான் சரியா பார்ப்பா. நீயே பேசு.”

விற்பவர் மறுபடி வந்தார். இந்தத் தடவை அவள் விலைப் பட்டியலைத் தொடவேயில்லை. ஒரே கேள்விதான் கேட்டாள்.

“மீட்டர் பொய் சொன்னா உங்க பெட்டி என்ன செய்யும்?”

அவர் விழித்தார். பிறகு பையைத் துழாவி மூன்றாவது ஒரு பெட்டியின் விளக்கப் புத்தகத்தை எடுத்தார். அழுத்தம் ஏறினால் அடிக்கும். ஏறாவிட்டாலும், குறித்த நேரம் தாண்டினால் தானாகவே ஒரு சுற்று அடித்துவிடும். ஃபேன் நின்ற பிறகும் அளவு சைபருக்கு இறங்காவிட்டால் மணி அடித்து ஊரைக் கூட்டும். “இதை யாரும் கேக்கறதில்லை மேடம், அதான் கொண்டுவரலை” என்றார். அவள் அதையே எழுதிக் கொடுத்தாள். புது மீட்டர், புதுக் குழாய், புதுப் பைகள் எல்லாம் வந்தன.

முதல் நாள் காலை பெட்டி வெகு நேரம் அடிக்காமல் கிடந்தது. பத்து விநாடிக்கொரு ‘டப்’ கேட்டுப் பழகிய ஆட்கள், “அக்கா, மெஷின் செத்துப்போச்சு!” என்று ஓடிவந்தார்கள். அவள் அவர்களுக்கு முன்னாலேயே ஏணியில் இருந்தாள். முள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. நாலரையைத் தொட்டதும் ‘டப் டப்’ என்று வரிசையாக அடித்து முள் இறங்கியது. அசையும் முள்ளைப் பார்க்க அவளுக்குப் பயமாகவே இருந்தது.

வீட்டில் இரண்டு வாரம் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. நுரையீரலைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், உள்ளே கொஞ்சம் வடு இருக்கிறது, அது போகாது, ஆனால் இனி தூசியில் நிற்காவிட்டால் அதிகமாகாது என்றார். ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். “உங்க மேல கோபம் போகலை. ஆனா மாத்திரையை மறந்தா இன்னும் கோபம் வரும்” என்றாள். அவன் தலையாட்டினான்.

பேக்கிங் வேலைக்குப் போன முதல் வாரக் கடைசியில் அவன் சட்டைகளை வாளியில் போட்டு அலசினாள். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. சோப்பு போட மறந்துவிட்டோமோ என்று மறுபடி அலசினாள். மறுபடியும் தெளிவு. கல்யாணமான நாளிலிருந்து அவன் சட்டையை அலசிய தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரிதான் இருக்கும். ஆம்பிளை சட்டை அழுக்கு என்றால் இப்படித்தான் என்று அவள் நினைத்து வந்திருந்தாள்.

“என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்” என்று கூப்பிட்டாள். அவன் வந்து குனிந்து பார்த்தான். வாளியின் அடியில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது. இருவரும் ஈரத் தரையில் வெகு நேரம் நின்றுகொண்டிருந்தார்கள்.