அடுத்த வீட்டுக்குப் போன பக்கம்

போன வாரம் என் அக்கா மகள் ஜோதிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வருவதாக இருந்தது. வரவில்லை. போன்தான் வந்தது.

"ஏங்க, எங்ககூட பேசும்போதே இன்னும் நாலு வீட்ல பேசியிருக்கிய. எங்கள என்னன்னு நெனச்சிய? இந்த சம்பந்தமே வேண்டாம்!" — மாப்பிள்ளையின் அப்பா.

போனை எடுத்த அத்தானுக்கு வேர்த்துவிட்டது. ஜோதிக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது.

விஷயம் எப்படி வெளியே போனது? எல்லாம் இன்டர்நெட் புண்ணியம்!

ராஜபாளையத்தில் சேகர் என்பவன் கல்யாணத் தகவல் மையம் வைத்திருக்கிறான். இப்போது பைதானில் ஒரு வெப்சைட்டும் எழுதியிருக்கிறான். பாஸ்வேர்டு போட்டால் 'என் பக்கம்' திறக்கும். நாம் விருப்பம் சொன்ன வீடுகளெல்லாம் அதில் இருக்கும். அத்தான் ப்ரவுசிங் சென்டரில் தன் பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா அவருடைய பாஸ்வேர்டைப் போட்டிருக்கிறார். வந்ததோ... அத்தானின் பக்கம்!

ஜோதியையும் கூட்டிக்கொண்டு நேரே சேகரிடம் போனேன்.

"பக்கம் மெதுவா வருதுன்னு எல்லாரும் வஞ்சாகண்ணே. அதான் ஒருக்கா தயாரான பக்கத்த கேச் பண்ணி, அதாவது சேத்து வச்சு, அடுத்து கேக்கிறவுகளுக்கும் அதையே குடுத்தேன்."

"ஏலே, கேக்கிறது யாருன்னு பாக்க மாட்டியா?"

"பக்கத்தோட முகவரிய மட்டும் பாத்தேன். அது எல்லாருக்கும் ஒண்ணுதான..."

இட்லியை முன்கூட்டியே அவித்து வைக்கலாம். ஒருத்தர் பெயர் எழுதிக் கட்டிய பார்சலை அடுத்தவனிடம் நீட்டலாமா? இதற்குப் பெரிய படிப்பு வேண்டுமா?

மாப்பிள்ளையின் அப்பாவான அந்தப் பெரிய மனிதரையும் நான் விடவில்லை. நம் ஊர்ப்பக்கம் யார் ஒரே இடத்தில் மட்டும் பேசுகிறார்கள்? நாலு இடத்தில் பேசிக்கொண்டே, ஒவ்வொரு வீட்டிலும் 'உங்க இடம் மட்டுந்தான்' என்போம். அங்கிருந்தே போன் போட்டேன்.

"பேச்சு முடிஞ்ச பொறவு, நீங்க எதுக்கு அந்த வெப்சைட்டத் தொறந்திய?"

"அது வேற விஷயம்" — வைத்துவிட்டார்.

இதற்குள் சேகர் சரி செய்துவிட்டான். "இனிமே 'என் பக்கம்' எதையும் சேத்து வைக்காதுண்ணே. எல்லாரும் பாக்கிற மொதப் பக்கத்த மட்டுந்தான் சேத்து வைக்கும். ஆபத்தில்ல, பாருங்க."

பார்த்தேன். முதல் பக்கத்தில் ஜோதியின் பெயருக்கு எதிரே இன்னும் — 'பேசி முடிந்தது'. சம்பந்தம் முறியுமுன்னே சேர்த்து வைத்த பழைய பக்கம்!

"அழிலே அத!" என்று கத்தினேன்.

"இருக்கட்டும் மாமா" என்றாள் ஜோதி. "அதுலயாச்சும் செத்த நேரம் இருந்துட்டுப் போகட்டும்."