ரேடியேட்டர் மூடி

அடையாறு பாலத்து நெரிசலில் என் பழைய ஜீப்பின் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. பானட்டைத் திறந்ததும் ஆவி சீறியது. உள்ளே மகள் அழ, நான் பதறிப்போய் ரேடியேட்டர் மூடியில் துணியைச் சுற்றித் திருகப் போனேன்.

பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த வெயிலிலும் காக்கிச் சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான். காலரை மேலே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார்.

“கைய எடு சார். பாப்பாவ மொதல்ல எறக்கு.”

“இன்ஜின் போயிடுங்க.”

“போனா போவுது.”

ஆவி அடங்க வெகுநேரம் ஆனது.

“இப்பத் தொறக்கலாமா?”

“தொற. நான் அந்தாண்ட போய்க்கிறேன்.”

மகளையும் அழைத்துக்கொண்டு ஆட்டோவுக்குப் பின்னால் போய், முதுகைக் காட்டி நின்றார். மூடி சத்தமில்லாமல் திறந்தது. கூப்பிட்டதும் வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். காலர் விலகிய இடத்தில் தாடைக்குக் கீழே தோல் வெந்து சுருங்கியிருந்தது. பாட்டிலை வாங்கி ரேடியேட்டரில் ஊற்றினேன்.

இப்போதும் அந்த முள் ஏறினால் என் கை முதலில் கழுத்துக்குத்தான் போகிறது.