இரண்டு கட்சி அண்ணன்மாரும் என் கலியாணமும்

என் கலியாணத்தைக் குழப்பப் பார்த்தது சாதகமும் இல்லை, சீதனமும் இல்லை. பிரித்தானியப் பொதுத்தேர்தல். இதைச் சொன்னால் எங்கள் கொலோன் நகரத்தில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு எனக்கிருந்த ஆத்திரத்துக்கு யாராவது பல்லைக் காட்டியிருந்தால் கையிலிருந்த தேத்தண்ணிக் கேத்திலாலேயே போட்டிருப்பேன்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. நாங்கள் கத்தோலிக்கர், நல்ல நேரம் பார்க்கிறதில்லை. ஜெர்மனியில் இருக்கிற எங்கள் சனத்துக்கு நல்ல நேரம் என்றால் லீவு நாள்தான். நான் ஒரு வயோதிபர் இல்லத்துச் சமையலறையில் வேலை. என் அண்ணா தொழிற்சாலையில் இரவு வேலை. மற்றவர்களும் அப்படித்தான், ஆளுக்கொரு நேரம். எல்லோரையும் ஒரே மண்டபத்தில் சேர்க்கக்கூடிய நாள் மே முதலாம் திகதி. அது தொழிலாளரான சூசையப்பரின் திருநாளும்கூட. முந்திய ஐப்பசியிலேயே நாளைக் குறித்து, மண்டபத்தைப் பிடித்து, பங்குச் சுவாமியாரிடமும் சொல்லிவிட்டோம். மாப்பிள்ளை லண்டன். பதிவு தை மாதமே இங்கே நகர அலுவலகத்தில் முடிந்துவிட்டது. ஆனால் எங்களுக்குப் பதிவு கலியாணமா? கோயிலில் பூசை வைத்துத் தாலி கட்டினால்தான் கலியாணம்.

மாசியில் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தார். அந்த ஒரு விசாவுக்காக அம்மா இடம்பெயர்ந்து இருந்த வீட்டிலிருந்து புறப்பட்டு, கொழும்பு லொட்ஜ் ஒன்றில் மாதக்கணக்கில் மூட்டைப்பூச்சியோடு கிடந்தவர். மூன்று மாத விசா. வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்த பெண்மணியிடம் கேட்டோம், நீடிப்பு உண்டா என்று. இல்லை என்று மிகவும் மரியாதையாகச் சொன்னாள். மே நடுவில் அம்மா விமானம் ஏறியாக வேண்டும். அதற்குள் என் கழுத்தில் தாலியை அவர் பார்க்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் கணக்கு.

மாப்பிள்ளைக்குத் தாய் தகப்பன் இல்லை. அவரை வளர்த்து எடுத்தவர்கள் இரண்டு அண்ணன்மார். பெரியவருக்கு லண்டன் புறநகரில் பலசரக்குக் கடை. நடுவிலாருக்கு அதே தெருவில் பெற்றோல் அடிக்கிற செற். இருவரும் ஆண்டுகொண்டிருந்த வலதுசாரிக் கட்சிக்காரர். கடை வைத்திருக்கிறவனுக்கு அந்தக் கட்சிதான் சரி என்று சொல்லிச் சொல்லியே கிளைக் கமிற்றி வரைக்கும் போனவர்கள். பிறகு ஐரோப்பா விஷயத்தில் பிடுங்குப்பட்டுக்கொண்டார்கள். ஐரோப்பாவோடு ஒட்டினால் பவுண் காசு போய்விடும், நாடு கைமாறிவிடும் என்று நடுவிலார் புதிதாகத் தொடங்கிய ஒரு கட்சிக்குத் தாவினார். பெரியவருக்கும் ஐரோப்பா பிடிக்காது. ஆனாலும் கட்சிக்குள் இருந்தே திருத்த வேண்டும் என்பார். இவ்வளவுதான் வித்தியாசம். இதற்குத்தான் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒருவர் கடைக்கு மற்றவர் போகாமல் விட்டார்கள்.

பங்குனியில் தேர்தல் திகதி அறிவித்தார்கள். மே முதலாம் திகதி!

பெரியவர் போன் எடுத்து, கலியாணத்தைத் தள்ளிவைக்கலாமோ என்று கேட்டார். அன்றைக்கு அவர் தன் வேட்பாளருக்காகக் கிழவன் கிழவிகளைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய் வோட்டுப் போடுவிக்க வேண்டுமாம். அப்படியென்றால் நடுவிலாராவது வரட்டும் என்றோம். அவரோ, பெரியவர் அங்கே நின்றால் நானும் நிற்பேன், பெரியவர் புறப்பட்டால் யோசிக்கலாம் என்றார். பெரியவரைக் கேட்டால் அவரும் அதையே திருப்பிச் சொன்னார். மனைவிமாரோ, அவர் வராமல் நாங்கள் எப்படி என்று கையை விரித்தார்கள். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பது இதுதான்.

உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் இருவரும் கொலோனுக்கு வந்தார்கள், நேரில் பேச. ஒரே தெருவிலிருந்து, ஒரே கப்பலில், இரண்டு காரில். அண்ணாவின் வீட்டுச் சமையல் குசினியை ஒட்டிய சின்ன அறையில் ஒருவர் ஜன்னல் பக்கம், மற்றவர் கதவுப் பக்கம் இருந்தார்கள். நடுவில் அம்மா.

"மாமி, இவன் எங்கடை வோட்டைப் பிரிக்கிறான். நாங்கள் தோத்தால் இவனாலைதான்," என்றார் பெரியவர்.

"நான் பிரிக்கேல்லை அண்ணை. உங்கடை கட்சிதான் நாட்டை வித்தது," என்றார் நடுவிலார்.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பிமார், உங்கள் ரெண்டு பேருக்கும் பவுண் தானே வேணும்? பிறகென்ன சண்டை?"

அது உங்களுக்கு விளங்காது மாமி என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதன்பிறகு தம்பியின் வோட்டு யாருக்கு என்று பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையிடம் இருந்தது இலங்கைப் பாஸ்போட். அதை வைத்துக்கொண்டே அங்கே வோட்டுப் போடலாமாம், பொதுநலவாய நாட்டுக்காரன் என்று. நான் இங்கே எத்தனை வருடமாக வரி கட்டுகிறேன், எனக்கு ஒரு கவுன்சிலருக்குக்கூட வோட்டு இல்லை. ஆனாலும் வாயைப் பொத்திக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினேன்.

கடைசியில் இருவருக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை வந்தது. வரும் வழியில் பெல்ஜியம் எல்லையில் ஒருவரும் மறிக்கவில்லை என்று நடுவிலார் தலையில் அடித்துக்கொண்டார். இப்படித் திறந்து விட்டால் கண்ட கண்ட அகதியெல்லாம் வந்து நிரம்பத்தானே செய்யும் என்றார். "அதிலை நீ சொல்லுறது சரி," என்றார் பெரியவர். அவ்வளவு நேரத்தில் முதல் தடவையாகத் தம்பியின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார். ஆட்டிவிட்டு அம்மா பக்கம் திரும்பி, "ஆவணியிலை வைப்பம் மாமி. உங்கடை விசாவை நீட்டிப்போட்டு நில்லுங்கோவன்," என்றார்.

நான் கேத்திலை நிலத்தில் வைத்தேன்.

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. நீங்கள் ரெண்டு பேரும் வீடு வீடாய்ப் போய் என்ன சொல்லுறியள்? கதவைச் சாத்து, ஒருத்தரையும் உள்ளை விடாதை எண்டுதானே? பிறகு என்ரை அம்மாவுக்கு மட்டும் ஆர் கதவைத் திறந்து வைச்சிருக்கிறது? இந்த வீட்டிலை நானும் அகதி, அண்ணாவும் அகதி. அகதி ஊத்தின தேத்தண்ணியைத்தான் குடிச்சுக்கொண்டு இருக்கிறியள்."

"பிள்ளை, வாயை மூடு," என்றார் அண்ணா. பாவம், அவருக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரர் சொன்னால் கேட்கத்தான் வேண்டும் என்ற பயம். பதிவு எழுதிய பெட்டையின் கலியாணம் குழம்பினால் ஊர் என்ன சொல்லும் என்று பயம்.

"மூட ஏலாது. கலியாணம் மே முதலாம் திகதிதான். வாறவை வாங்கோ. வராதவை வோட்டுப் போடுங்கோ."

பெரியவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார். "பொம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது மாமி," என்றார். அம்மா சட்டென்று, "அது என்னட்டை இருந்து வந்தது தம்பி," என்றார். எனக்கு அப்போதே அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இரண்டு காரும் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டுப் போயின.

இனி மிச்சம் மாப்பிள்ளை. மூன்று நாளாக அவரிடமிருந்து போன் இல்லை. நான்காம் நாள் தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து எடுத்தார். அண்ணன்மார் இல்லாமல் எப்படி, என்னை வளர்த்தவர்கள் அல்லவா என்று மெல்ல இழுத்தார். எனக்கு அவரில் இரக்கமும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"அவை வராதது அவையின்ரை குற்றம். நீங்கள் வராட்டில் அது உங்கடை. வர ஏலாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ. கோயிலிலை கலியாண ஓலை வாசிக்க முதல் சுவாமியாரிட்டைச் சொல்லிப்போடுறன்."

அவர் கூண்டுக்குள் இன்னொரு காசு போடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "வாறன்," என்றார்.

எங்கள் கலியாண அறிவித்தலான அந்த ஓலையை மூன்று ஞாயிறும் வாசித்தார்கள், ஒருவரும் தடை சொல்லவில்லை. ஏப்ரல் முப்பதாம் திகதி காலை மாப்பிள்ளை பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் ஒரு சூட்கேஸ், தோளில் கோட்சூட் பை. தனியாக. எங்கள் ஆட்கள் வாசலில் நின்று, மாப்பிள்ளை வீட்டார் எங்கே என்று கேட்டார்கள். "தேர்தலிலை நிக்கினம்," என்று நானே சொன்னேன். சிலர் நாடியில் கை வைத்தார்கள். வைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் கோயில். பெண் பக்கத்து வாங்குகளில் இருக்க இடமில்லாமல் பின்னாலும் நின்றார்கள். மாப்பிள்ளை பக்கத்து முன்வாங்குகளில் ஒரு குருவிகூட இல்லை. அவர் பீடத்துக்கு முன்னால் தனியாக நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தன. எனக்கு அந்த அண்ணன்மார் இருவரையும் கூண்டோடு சபிக்க வேண்டும் போல இருந்தது, கோயில் என்று பார்த்தேன். சுவாமியார் பூசையைத் தொடங்கக் கையை உயர்த்தினார்.

அப்போது அம்மா எழும்பினார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவழியைக் கடந்து போய், மாப்பிள்ளை பக்கத்து முதல் வாங்கில் இருந்தார். அண்ணா பதறி, "அம்மா, அது மாப்பிள்ளையின்ரை பக்கம்," என்று குசுகுசுத்தார்.

"தெரியும். தாய் தேப்பன் இல்லாத பிள்ளை. அந்தப் பக்கம் வெறுமையாய்க் கிடக்கக் கூடாது," என்று அம்மா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். கண் நிரம்பிவிட்டது. நானும் அழுதேன், துக்கத்தில் இல்லை. இவ்வளவு தூரம் வந்த என் அம்மாவை நினைத்து வந்த பெருமையில். தாலி ஏறியது.

அடுத்த நாள் பெரியவர் போன் எடுத்தார். அவருடைய கட்சி நாடு முழுக்க மண் கவ்வியிருந்தது. நடுவிலாரின் கட்சி எங்கும் கரையேறவில்லை. "அவன் பிரிச்சிராட்டில் எங்கடை தொகுதியாவது மிஞ்சியிருக்கும்," என்று அழாக்குறையாகச் சொன்னார். சற்று நேரத்தில் நடுவிலாரும் எடுத்தார். எல்லாவற்றுக்கும் அண்ணன்தான் காரணமாம். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று அம்மா பின்னாலிருந்து சிரித்தார்.

பெரியவர் போனை வைக்கும் முன் கேட்டிருந்தார், "கோயிலிலை எங்கடை பக்கத்திலை ஆர் இருந்தது?"

"என்ரை அம்மா," என்றேன். "நீங்கள் உள்ளை விட வேண்டாம் எண்டு சொல்லித் திரிஞ்ச ஆள்தான் உங்கடை தம்பிக்குச் சொந்தமாய் இருந்தவ."

விசா முடிகிறதற்கு முதல் நாள் அம்மா விமானம் ஏறினார். பிறகு என் பிள்ளைப்பேற்றுக்குக் கேட்டோம், விசா தரவில்லை. இரண்டாவது பிள்ளைக்கும் கேட்டோம், தரவில்லை. அம்மா கடைசிவரை திரும்பி வரவேயில்லை. ஆவணியில் வைத்திருந்தால் அந்த முதல் வாங்கில் அண்ணன்மார் இருந்திருப்பார்கள், என் அம்மா இருந்திருக்க மாட்டார்.