இரண்டரை மீட்டர் இறக்கை

பல்செட் செய்யும் லேபில் அவருக்கு ‘அரைமில்லி’ என்று பட்டப்பெயர். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சில் அரை மில்லிமீட்டர் பிசகு தெரிந்தாலும் போதும், உடனே போன் போட்டு, இது சரிவராது, இன்னொரு முறை எடுத்து அனுப்புங்கள் என்று சொல்லிவிடுவார். விவரம் தெரியாத அக்கம்பக்கத்தார் அது ஏதோ குடி சம்பந்தப்பட்ட பெயர் என்று நினைத்திருந்தார்கள். ஒரு சொட்டு தொடாத மனிதருக்கு இப்படியா பெயர் வைப்பது என்று அவர் மனைவிக்குக் கொஞ்ச நாள் ஆதங்கம். பிறகு கோபம் வரும்போதெல்லாம் அவளே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

இருபத்தெட்டு வருடமாக அதே வேலை. அதில் ஒரு சங்கடம் உண்டு. வேலை சுத்தமாக இருந்தால் யாருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் வேலை கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஒரு நாள் பஸ்ஸில் எதிர் சீட்டில் இருந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லி வாய்விட்டுச் சிரித்தாள். மேல் வரிசை முழுக்க அவர் கைவேலை. நான்காவது பல்லை லேசாகச் சாய்த்து வைத்தது கூட நினைவிருந்தது. தன்னை மறந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார். அந்த அம்மாள் முகத்தைச் சுளித்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்ன சொல்ல முடியும்?

அன்று சாயங்காலம் மனைவியிடம் இதைச் சொன்னார். நாலு பேர் நின்று பார்க்கிற மாதிரி ஒரு பொருளை வாழ்க்கையில் ஒரு முறையாவது செய்ய வேண்டும் என்றார். வீட்டுக்கு ஒரு நல்ல அலமாரி வரப்போகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வந்தது ஆள் உயரத்துக்கு ஒரு அட்டைப் பெட்டி. மனைவி தபால் அலுவலகத்தில் பார்சல் கவுண்டரில் வேலை பார்ப்பவள். எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிடுவாள். இவ்வளவு பெரிய பெட்டி இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று அவளுக்கே ஆச்சரியம். உள்ளே கட்டுக்கட்டாக மெல்லிய பால்சா மரத் தகடுகள். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும், அவ்வளவு மென்மை. கூடவே ஜமக்காளம் போல விரிகிற ஒரு வரைபடம். பழைய காலத்து ஒற்றை எஞ்சின் போர் விமானத்தின் மாதிரி. இறக்கையின் நீளம் மட்டும் இரண்டரை மீட்டர். பெட்ரோல் எஞ்சின் வைத்து, ரிமோட்டால் நிஜமாகவே பறக்கவிடலாம்.

“யாரைச் சுடப் போறீங்க?” என்று கேட்டாள்.

துப்பாக்கிகள் வெறும் குழாய்தான் என்று அவர் அக்கறையாக விளக்கம் சொன்னார். பஸ் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கவே தயங்குகிற மனிதர் அவர்.

அதற்கு முன்னால் அவர் காகித விமானம் கூட ஒழுங்காக மடித்ததில்லை. இறக்கை கோணாமல் வர வேண்டுமானால் வளையாத பெரிய பலகை வேண்டும் என்று குறிப்பில் இருந்தது. படுக்கையறைக் கதவைக் கழற்றி இரண்டு மேஜைகளின் மேல் போட்டார். நூலை இழுத்துக் கட்டிப் பார்த்து, வளைவு இல்லை என்று திருப்திப்பட்டார். அந்த வாசலுக்கு ஒரு திரைச்சீலை வந்தது. அடுத்த ஒன்றரை வருடம் முன்னறையில் யாரும் காலை நீட்டி உட்காரவில்லை.

வேலை முடிந்து வந்ததும் டீயைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னும் கொஞ்சம். லேபில் மெழுகு செதுக்கும் கத்தியும் பல் தேய்க்கும் சின்னச் சக்கரங்களும் இங்கேயும் உதவின. விமானத்தின் உடலுக்கு இரண்டு பக்கச் சட்டங்கள். முதலாவதை மூன்று வாரம் கண்ணும் கருத்துமாகச் செய்தார். இரண்டாவதை இரண்டே வாரத்தில் முடித்தார். கை தேறிவிட்டது என்று ஒரு தெம்பு. இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இரண்டுமே இடது பக்கம்.

மனைவி பக்கத்தில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய் இன்னொரு டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அதற்கு மேல் ஆறுதல் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அப்படித்தான் போயிற்று. ஒட்டுவார், பிரிப்பார், மறுபடி ஒட்டுவார். மேலே ஒட்டுகிற பச்சைப் பிளாஸ்டிக் துணி சூடு பட்டால் சுருங்கி இறுகும். அதற்கு வீட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்து, மனைவியின் அலுவலகச் சட்டை ஒன்றில் பச்சைப் பட்டை போட்டுவிட்டார். விமானியின் இருக்கைக்கு ஒரு பொம்மைத் தலை வேண்டியிருந்தது. அதை லேபில் மிஞ்சிய, பல்செட் வார்க்கிற பசையில் வார்த்தார். ஈறு வண்ணத்தில் முகம் வந்தது. வாயைச் சற்றே திறந்தபடி வைத்து, உள்ளே மேலும் கீழும் முழு வரிசைப் பல் கட்டினார். கண்ணாடி மூடிக்குள் இதை எவன் பார்க்கப்போகிறான் என்று மச்சான் கேட்டபோது, பல் இல்லாமல் எப்படி விட முடியும் என்று அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. ஸ்கூல் வேன் ஓட்டுபவன். விமானம் எல்லாம் பூட்டி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ஊர் எல்லையில் இருந்த மைதானத்துக்குக் கொண்டுபோக வேனின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு வந்து நின்றான். அங்கே மாதிரி விமானம் பறக்கவிடுகிறவர்களின் கிளப் ஒன்று இருந்தது.

வீடு இரண்டாவது மாடி. உடல் பகுதி சிரமமில்லாமல் இறங்கிவிட்டது. இறக்கை வாசலைத் தாண்டி, குறுகலான நடையில் ஏழெட்டு அடி போய், மாடிப்படி திரும்புகிற இடத்தில் நின்றுவிட்டது. செங்குத்தாக நிமிர்த்தினால் மேலே படியின் அடிப்பக்கம் இடித்தது. சாய்த்தால் இறக்கையில் பொருத்தியிருந்த சக்கரக் கால்கள் கைப்பிடியில் மாட்டின. உள்ளே கொண்டுபோய்த் திருப்பி, பின்பக்கமாகக் கொண்டுவந்து பார்த்தார்கள். கீழ்வீட்டுக்காரர் வந்து தன் பங்குக்கு யோசனை சொன்னார். மச்சான் பால்கனி வழியாகக் கயிறு கட்டி இறக்கலாம் என்றான். பால்கனி முழுக்க இரும்புக் கம்பி அடித்திருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து மனைவி படியில் உட்கார்ந்தாள். “நாங்க பார்சலை வாங்கினதும் முதல்ல நீளத்தைத்தான் பார்ப்போம். நீங்க வாயை அளக்காமலே பல்செட் செஞ்சிருக்கீங்க.”

மச்சான் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை. இறக்கையின் ஒரு நுனியைப் பிடித்தபடியே நின்றார். பிறகு மூன்று பேருமாக அதை மறுபடி கதவின் மேல் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள்.

பத்து நாள் அதன் பக்கமே போகவில்லை. டாக்டர்களுக்கு அவரிடமிருந்து ஒரு போன்கூடப் போகவில்லை என்று லேபில் பேச்சு. பதினோராவது நாள் சாயங்காலம் மெல்லிய பல் உள்ள ரம்பத்தை எடுத்தார். இறக்கையை நட்டநடுவில் இரண்டாக அறுத்து, உள்ளே அலுமினியக் குழாய் செருகி, மைதானத்தில் போய் மாட்டிக்கொள்கிற மாதிரி செய்வது என்று முடிவு.

“ஒரு பக்கம் அசையாம பிடிச்சுக்கிறியா?” என்றார்.

அவள் பிடித்துக்கொண்டாள். அறுக்க அறுக்க மரத்தூள் அவள் மணிக்கட்டில் படிந்தது. ஒன்றரை வருடம் ஒட்டியது இருபது நிமிடத்தில் பிரிந்தது. வெட்டிய முகத்தைத் தடவிப் பார்த்தவர், விரலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். இறக்கையின் முழுப் பாரத்தையும் தாங்குவது உள்ளே ஓடுகிற முதுகுச் சட்டம். அதன் இரண்டு பாதிகள் சேர்கிற இடத்தில் போட்ட பசை இறுகவே இல்லை. மெல்லுகிற கோந்து மாதிரி நகத்தில் ஒட்டி வந்தது. இரண்டு குழாயிலிருந்து சம அளவு எடுத்துக் கலக்க வேண்டிய பசை அது. லேபில் தினமும் கலக்கிற கைதானே என்று அன்றைக்குக் கண்ணளவில் கலந்திருந்தார்.

இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போதுதான் சொன்னார்.

“படியில இறங்கியிருந்தா அன்னிக்கே பறக்கவிட்டிருப்பேன். மேலே போனதும் இறக்கை மடிஞ்சிருக்கும். பதிமூணு கிலோ. கீழ யாராவது நின்னிருப்பாங்க.”

அவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். “இந்த முறை நம்ம ஆபீஸ் தராசைக் கொண்டுவர்றேன். கிராம் கணக்கா காட்டும். நான் கலந்து தர்றேன், நீங்க ஒட்டுங்க,” என்றாள். அப்படியே செய்தார்கள். பழைய தராசு ஒன்று மூலையில் கிடந்ததை மேலதிகாரியிடம் கேட்டு வாங்கி வந்தாள். பசை எல்லாமே அதற்குப் பிறகு அவள் கைதான்.

மூன்று மாதம் கழித்து விமானம் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கிளப்பில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். அங்கே பறக்கவிடுவதில் கெட்டிக்காரி ஒரு பெண்மணி. டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். கிளப்பிலும் ‘டிரைவிங் ஸ்கூல் மேடம்’தான். அவர் விமானத்தைச் சுற்றி வந்தார், ஒவ்வொரு திருகையும் அசைத்துப் பார்த்தார், இறக்கைக்கு அடியில் இரண்டு பக்கமும் விரலைக் கொடுத்துத் தூக்கினார். வால் பக்கம் தொங்கியது.

“பின்னாடி பசையைத் தாராளமா விட்டிருக்கீங்க சார். மூக்குல ஈயம் வைக்கணும், அரைக்கிலோவாவது. இதுக்கு முன்னாடி எதைப் பறக்கவிட்டீங்க?”

“எதையும் விட்டதில்லை மேடம்.”

மேடம் சிரிக்கவில்லை. அது அவருக்குப் பெரிய உபகாரமாக இருந்தது. லைசென்ஸ் எடுக்காதவரை நேரே லாரியில் ஏற்றுவதில்லை என்று மட்டும் சொல்லி, தன் காரிலிருந்து அடிபட்டுக் கசங்கிய ஒரு சின்ன ஃபோம் விமானத்தை எடுத்துக் கொடுத்தார். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் இடியுங்கள், ஒட்டிக்கொள்ளலாம் என்றார்.

ஐந்து மாதம் ஞாயிறு தவறாமல் இடித்தார். வேலி, மரம், மச்சானின் வேன், ஒரு முறை தன் முழங்கால். ஒன்று மட்டும் சுலபமாக வந்தது. விமானம் நம்மை நோக்கித் திரும்பி வரும்போது இடது வலதாகிவிடும், புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் குழம்புவார்கள். அவருக்கு அது பழகிய சங்கதி. எதிரே இருப்பவரின் இடது தனக்கு வலது என்றுதான் இருபத்தெட்டு வருடமாக வேலை செய்கிறார். இறக்குவதுதான் பிடிபடவே இல்லை. தரை நெருங்கினால் ரிமோட் குச்சியை அவசரமாக இழுத்துவிடுவார்.

பெரிய விமானத்தின் நாள் காற்றே இல்லாத ஒரு காலை. மேடம் இரண்டு ரிமோட்டுகளையும் இணைத்தார். டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு பிரேக் இருப்பது போல. தான் சுவிட்சைப் பிடித்திருக்கும் வரை விமானம் அவர் கையில் இருக்கும், சுவிட்சை விட்டால் தன் கைக்கு வந்துவிடும் என்றார்.

எஞ்சின் நாலு இழுப்பில் பிடித்துக்கொண்டது. மேடம் ஓடவிட்டு மேலே தூக்கினார். பெரிய பொருள் அவ்வளவு மெதுவாக ஏறும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மேடம் இரண்டு சுற்று சுற்றி, நல்ல உயரத்தில் நேராகப் பறக்க வைத்தார்.

“சார், இப்போ உங்க கையில.”

ரிமோட்டின் குச்சிகளை இரண்டு விரலால் பிடித்திருந்தார். லேபில் பல்லை மெழுகில் உட்கார வைக்கிற அதே பிடி. இடது பக்கம் ஒரு மயிரிழை தள்ளினார். தூரத்தில் இறக்கை சாய்ந்தது, விமானம் வளைந்து வந்தது. வலது பக்கம். அதுவும் கேட்டது. மூன்று நிமிடம். யார் என்ன பேசினார்கள் என்று அவருக்குத் தெரியாது. மேடம் வாங்கிக்கொண்டு இறக்கியபோது சக்கரம் ஒரு முறை துள்ளிப் பிறகு அடங்கியது. அப்போதுதான் தன் சட்டை முதுகில் ஒட்டியிருப்பதை உணர்ந்தார்.

“எப்படிங்க இருந்துச்சு?” என்றாள் மனைவி.

“கனமா இருந்துச்சு,” என்றார். பிறகு, “நல்லா இருந்துச்சு,” என்று சேர்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பதினொரு முறை பறந்தது. ஏற்றுவதும் சுற்றுவதும் அவர், இறக்குவது மேடம் என்று வழக்கமாகிவிட்டது. பன்னிரண்டாவது முறை மேடம் தன் ரிமோட்டைக் கழுத்திலிருந்து கழற்றி, சுவிட்சை விடாமல் பிடித்திருங்கள் என்று மச்சானிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று காரை நோக்கி நடந்தார். திரும்பியே பார்க்கவில்லை. விமானம் மேலே. மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். பெட்ரோல் இன்னும் எவ்வளவு நேரத்துக்கு வரும் என்று மட்டும் கேட்டாள். நாலு நிமிடம் என்றார்.

இரண்டு முறை இறக்க வந்து, உயரம் அதிகம் என்று மறுபடி மேலே தூக்கினார். மூன்றாவது முறை விட்டார். சக்கரம் தொட்டது, எகிறியது, தொட்டது, கோணலாக ஓடிப் புல்லுக்குள் போய் மூக்குக் குத்தி நின்றது. முன்விசிறி ஒரு பக்கம் உடைந்திருந்தது. ஒரு சக்கரத்தின் கம்பிக் கால் வளைந்திருந்தது. மற்றதெல்லாம் முழுசாக இருந்தது.

மேடம் பாட்டிலோடு திரும்பி வந்து குனிந்து பார்த்தார். முதல் தடவைக்கு இது ரொம்ப கம்மிச் சேதம் என்றார். மச்சான் இறக்கையை இரண்டாகக் கழற்றி வேனில் ஏற்றினான். திங்கட்கிழமை அந்தக் கம்பிக் காலை லேபுக்கு எடுத்துப்போய், சாப்பாட்டு இடைவேளையில் அவர் இடுக்கியில் பிடித்து நிமிர்த்தினார். பக்கத்து மேஜைப் பெண் இது யாருடைய பல்லுக்கு என்று கேட்டாள். அவர் கம்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் வளைவு இருந்தது. திரும்ப இடுக்கியில் வைத்தார்.