வருகை குறைந்த பருவம்

பொருளாதாரத்தில் பட்டம் வாங்க என்னென்ன வேண்டும் என்று முதல் நாளே துறைத்தலைவர் சொல்லிவிட்டார். எல்லாத் தாள்களும் தேற வேண்டும், புள்ளியியல் உட்பட. ஒரு கள ஆய்வு, சமூகப்பணிக்கு ஒரு முகாம். எல்லாவற்றுக்கும் மேலே எழுபத்தைந்து சதவீத வருகை. அது குறைந்தால் தேர்வு மண்டப வாசலைக்கூட மிதிக்க முடியாது. நாங்கள் பயந்தது புள்ளியியலுக்குத்தான். வருகையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசிப் பருவத்தில் அப்பாவின் வள்ளம் காற்றில் கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேரை வேறு வள்ளத்துக்காரர்கள் தூக்கிக் கரைசேர்த்தார்கள். அப்பா கிடைக்கவில்லை. ஊரே தொழிலுக்குப் போகாமல் தேடியது. பிறகு ஒவ்வொரு வள்ளமாக மீன்பிடிக்கத் திரும்பிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். அம்மா மட்டும் கடற்கரையை விட்டு நகரவில்லை. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைக் காட்டி, “அதுல ஒண்ணு தூக்கிட்டுப் போயிருக்கும். கரை பாத்து எறக்கிவிடுவான்” என்பாள். அப்பாவின் போனுக்கு ரீசார்ஜ்கூடச் செய்யச் சொன்னாள். அவளைத் தனியே விடப் பயந்து நான் கல்லூரிக்குப் போகவில்லை.

எங்கள் ஊரில் உடல் கிடைக்காவிட்டால், வீட்டுக்காரி வாய்திறந்து கேட்கும்வரை மாதா கோயில் சாமியார் இறந்தோர் பூசை வைக்க மாட்டார். அதுவரை தாலியும் அவள் கழுத்தில்தான் இருக்கும். சொந்தக்காரர்கள் ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தார்கள். “வரப்போற ஆளுக்கு எதுக்குப் பூச?” என்று அம்மா எரிந்து விழுந்தாள்.

நான் கல்லூரிக்குத் திரும்பியபோது வருகை அதலபாதாளத்தில் கிடந்தது. துறைத்தலைவர் கெட்டவர் இல்லை. “சாவு வீடுன்னா தளர்வு வாங்கித் தரலாம்மா. கோயில்ல இருந்து ஒரு கடிதம் கொண்டாந்தாலும் போதும்” என்றார்.

“காணாமப் போயிருந்தா சார்?”

“அதுக்கு விதியில இடமில்லயே.”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. செத்தால் சலுகை உண்டு, காணாமல் போனால் கிடையாது. என்ன விதியோ! தளர்வு கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் இதே பருவத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அது நடக்கிற காரியமா? இறால் கம்பெனிக்குத்தான் போக வேண்டும். அப்படிப் போன பெரியம்மா மகள் படிப்புப் பக்கம் திரும்பவேயில்லை.

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். பூசை கேள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவள் சோற்றை வடித்தாள். மறுநாள் காலை முக்காடு போட்டுக்கொண்டு, தானாகவே சாமியாரைப் பார்க்கப் போனாள்.

வெறும் பெட்டியில் அப்பாவின் சட்டையையும் ஜெபமாலையையும் வைத்துப் பூசை நடந்தது. கல்லறைத் தோட்டத்தில் அதைப் புதைத்தோம். அத்தைமார் அம்மாவின் தாலியைக் கழற்றினார்கள். அவள் அழவில்லை, எனக்குத்தான் பார்க்கத் தாங்கவில்லை. கடிதம் கிடைத்தது. தேர்வெழுத அனுமதியும் வந்தது.

முதல் தேர்வுக்குக் கிளம்பும்போது அம்மா என்னை வாசலில் நிறுத்தினாள்.

“ஏளா, நாளைக்கே ஒங்கப்பா வந்து நின்னாவன்னா நீதான் எடுத்துச் சொல்லணும். செத்துட்டாவன்னு நான் நம்பல, ஒன் பரீட்சைக்காகத்தான் பூச கேட்டேன்னு சொல்லு.”

“சொல்லுதேன்ம்மா” என்றேன்.