பிடரிக்குள் ஓடும் இரண்டு குழாய்

முப்பது வருஷமாக ஊரார் கழுத்தில் கத்தி வைத்தவர் அந்த சலூன்காரர். ஒரு கீறல் விழுந்ததில்லை. குரல்வளைக்கு இரண்டு பக்கமும் துடிக்கிற ரத்தக்குழாய்களைக் கண்ணை மூடிக்கொண்டே தொட்டுக் காட்டுவார். அந்த இடம் வந்தால் கத்தி தானாக மெதுவாகும். ஷேவிங் முடிந்ததும் தலையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு. மடக்கென்று நெட்டி முறியும். அதற்காகவே நாலு தெரு தள்ளியிருந்தெல்லாம் வருவார்கள். கைராசிக்காரர் என்று பெயர். பிடரிக்குள்ளும் இரண்டு குழாய் ஓடுகிறது என்று அந்த மனிதருக்கு யார் சொன்னார்கள், பாவம்!

தன் அக்கா புருஷனுக்கும் ஒரு சனிக்கிழமை காலை அப்படித்தான் முறித்தார். அத்தான் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். வண்டியில் ஏறினால் இறங்கும்வரை வாய் மூடாது. "கழுத்து புதுசாயிடுச்சு மாப்ள" என்று சிரித்தபடி எழுந்தவர், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தலை சுற்றியது, பிடரி வலித்தது. சாயங்காலமும் விடவில்லை என்று அத்தானும் சலூன்காரருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

கழுத்தில் அடிபட்டதா, யாராவது பிடித்துத் திருப்பினார்களா என்று டாக்டரம்மா கேட்டார். அத்தான் ஓரக்கண்ணால் இவரைப் பார்த்துவிட்டு, அதெல்லாம் ஒன்றுமில்லை, தூக்கம் சரியில்லை என்று சொல்லிவிட்டார். மைத்துனன் கடைக்குக் கெட்ட பேர் வந்துவிடக்கூடாதே என்கிற நல்ல மனசு. இவருக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்தது. வந்து என்ன பிரயோஜனம்? நாளைக்கு எவன் நம்மை நம்பித் தலையைக் கொடுப்பான் என்ற பயம் அதை அப்படியே விழுங்க வைத்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் வாயைத் திறக்காமல் கெட்டார். தலைசுற்றலுக்கு மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் அத்தான் குளியலறையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தார். குரல் போய்விட்டது, தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. ஸ்கேன் எடுத்த பிறகு அதே டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். முன்னால் இரண்டு குழாய். பின்னால், கழுத்தெலும்பின் ஓட்டைகளுக்குள் நுழைந்து மூளைக்கு ஏறுகிறவை இரண்டு. பின்னால் இருப்பதில் ஒன்றின் உள்சுவர் கிழிந்து, அங்கே கட்டிய ரத்தம் மூளைக்குப் போய் அடைத்துக்கொண்டதாம். முதல் நாளே தெரிந்திருந்தால் ரத்தம் கட்டாமலிருக்க மருந்து கொடுத்திருப்போம், பெரும்பாலும் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார். இவருக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆறு மாதமாகிறது. அத்தான் பேசினால் காற்றுதான் வருகிறது. வேனை வேறு யாரோ ஓட்டுகிறார்கள். நெட்டி முறிப்பதை இவர் அன்றோடு தலைமுழுகிவிட்டார். தினமும் காலையில் போய் அத்தானைக் குளிப்பாட்டி, ஷேவ் செய்துவிட்டுத்தான் கடை திறப்பார். கூடப் பிறந்தவன் என்றால் இவனல்லவா என்று அக்கா பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அந்தப் பெருமைதான் இவரை அரித்துத் தின்றது. ஒருநாள் தாங்க முடியாமல் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அக்கா அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"கழுத்தைத் திருப்பினதுக்கு உன்னை ஒண்ணும் சொல்லமாட்டேன். அது தெரியாம செஞ்ச," என்றாள். "அந்த டாக்டரம்மா கேட்டப்போ தெரிஞ்சுதானடா சும்மா நின்ன?"